கழுத்துக் கறுப்பைத் தேய்க்காதீர்கள்

பொம்மையார்பாளையத்துத் தாய்மார்களே,

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையோரக் குப்பங்களில் கிராம சுகாதார செவிலியராக நடந்தவள். உங்கள் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறேன், ஊசி போட்டிருக்கிறேன், தராசுத் தொட்டிலில் கிடத்தி எடை பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டாலே அழுத அந்தக் குழந்தைகள் இன்று ஒன்பதாவது, பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. ஆனாலும் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

போன மாசி மகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லைப்புறக் குழாயடியில் பதினாலு வயதுப் பையன் குந்தியிருந்தான். அம்மா பீர்க்கங்கூட்டில் சோப்பைத் தடவி அவன் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து ஓரிடத்தில் புள்ளியாக ரத்தம் கசிந்தது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பாருங்க நர்ஸம்மா, எவ்ளோ தேச்சாலும் அழுக்கு போவ மாட்டேங்குது. நாளைக்கு சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது நாலு பேரு பாப்பாங்க" என்றாள். கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். மடிப்பு மடிப்பாக, வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் தடித்த கறுப்பு. கையைத் தூக்கச் சொன்னேன். அக்குளிலும் அதே கறுப்பு. பீர்க்கங்கூட்டை அவள் கையிலிருந்து வாங்கித் திண்டின்மேல் வைத்தேன். அழுக்காக இருந்தால்தானே தேய்த்துப் போக்க?

அந்தக் கறுப்பு உள்ளேயிருந்து வருவது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. ரத்தத்தில் எப்போதும் நிறைந்து நிற்கும் அந்த இன்சுலின், கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகளில் தோலைத் தடிக்க வைத்துக் கறுக்க வைக்கிறது. கழுத்தில் இது தெரிகிற பிள்ளைக்கு ஈரலிலும் கொழுப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஈரல் நமக்குக் கண்ணில் படாது, வலியும் காட்டாது. கழுத்துதான் கண்ணில் படுகிறது. அதையும் நாம் அழுக்கென்று தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பையனுக்கு அதற்கு முந்தின வருஷமே எங்கோ ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அம்மா பழைய காகிதத்தைத் தேடி எடுத்து வந்தாள். ஈரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 38. பக்கத்தில் 'நார்மல் 45 வரை' என்று அச்சடித்திருந்தது. ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்றும் எழுதியிருந்தது. "இதெல்லாம் இப்ப எல்லாருக்கும் இருக்கு, ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அங்கேதான் வயிறெரிந்தது. அந்த 45 என்பது பெரியவர்களுக்குப் போட்டுவைத்த கோடு. குழந்தைகளின் ஈரல் மருத்துவர்கள் 2017இல் வட அமெரிக்காவில் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆண் பிள்ளைகளுக்கு 26, பெண் பிள்ளைகளுக்கு 22 என்பதே மேல் எல்லை. ஆகவே உங்கள் வீட்டு அலமாரியில் இப்படியொரு ரிப்போர்ட் கிடந்தால், நார்மல் என்ற எழுத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். அந்த மேல் எல்லையின் இரண்டு மடங்குக்கு மேல் போய் மாதக்கணக்கில் இறங்காமல் நின்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

கோரிமேடு ஜிப்மருக்கு அழைத்துக்கொண்டு போனோம். எண் 61 ஆகியிருந்தது. வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்று மஞ்சள் காமாலைக் கிருமிகள், செம்புச் சத்து ஈரலில் தேங்கும் வில்சன் நோய், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் கொழுப்புதான் என்று முடிவாயிற்று. திரும்பி வரும் வழியில் பையனின் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். ரோட்டில் நின்றபடியே அவனைப் பார்த்துக் கேட்டார்: "உண்மைய சொல்லு. குடிக்கிறியா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஈரல் கெட்டது என்றால் சாராயம் என்றுதான் இந்தக் கரையில் நாம் கண்டிருக்கிறோம். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து எத்தனை குடும்பம் அழிந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் அந்தப் பையன் ஒரு சொட்டும் தொட்டவனில்லை. அப்பா கேட்டதும் அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தாய்மார்களே, உங்கள் பிள்ளைக்கு 'ஃபேட்டி லிவர்' என்று எழுதி வந்தால், அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்காதவர்களுக்கும் குடியில் வருகிற அதே மாதிரி ஈரல் வரும் என்று 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் லுட்விக் எழுதினார். அடுத்த மூன்றே வருஷத்தில், 1983இல், பருமனான பிள்ளைகளிடமும் அதைக் கண்டு எழுதினார்கள். நாற்பது வருஷத்துச் செய்தி நம்மூருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சாராயம் தொடாத ஈரலில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? நமக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறேன். படகு வந்து மீன் இறங்குகிறது. விற்றது போக மிச்சத்தை ஐஸ் பெட்டியில் வைக்கிறீர்கள். பெட்டி நிறைந்துவிட்டால்? உப்புப் போட்டுக் காயவைத்துக் கருவாடாக்குகிறீர்கள். ஈரலும் அதைத்தான் செய்கிறது. சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையில் அன்றைக்கு வேண்டியது போக மிச்சத்தை ஒரு பெட்டியில் வைத்துக்கொள்கிறது. பெரியவர்கள் ஈரலிலேயே அந்தப் பெட்டி ஏறக்குறைய நூறு கிராம்தான் கொள்ளும். நிறைந்த பிறகும் வந்துகொண்டேயிருந்தால் கொழுப்பாக மாற்றி அடுக்குகிறது. கருவாட்டை வெளியே அனுப்பாமல் படுக்கிற அறையிலேயே மூட்டை மூட்டையாக அடுக்கினால் எப்படி இருக்கும்? ஈரலின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கொழுப்பு ஏறிவிட்டால் அதற்குத்தான் ஃபேட்டி லிவர் என்று பெயர்.

கடைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்கிட்டுச் செலவழிக்கும். பிரக்டோஸில் பெரும்பங்கு நேரே ஈரலுக்குத்தான் போகிறது. அதனால்தான் சோற்றைவிட, பாட்டிலில் வரும் கலரைக் கண்டு நான் அதிகம் பயப்படுகிறேன். சோறு மெதுவாகச் செரிக்கும், வயிறு நிறைந்ததும் கை நிற்கும். கலர் இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிடும், பசியும் அடங்காது. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். நூறு மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அதில் போட்டிருப்பார்கள். கோலா மாதிரியானவற்றில் பத்து, பதினொன்று இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் இருபத்தைந்து கிராமுக்கு மேல், அதாவது ஐந்து ஸ்பூனுக்கு மேல். ஒரு நாள் முழுக்க இப்படிச் சேர்க்கிற சர்க்கரை அந்த அளவைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சொன்னது. உங்கள் மகனிடமே அந்தப் பாட்டிலைக் கொடுத்து, மொத்தம் எத்தனை கிராம் சர்க்கரை என்று பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை டப்பாவைத் திறந்து அத்தனை ஸ்பூனை ஒரு டம்ளரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான் ஒரு வீட்டில் செய்து பார்த்தேன். டம்ளரை அந்த வீட்டுப் பெண் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதும்போது உங்கள் காலை நேரம் என் கண்முன் நிற்கிறது. விடியுமுன் ஏலத்துக்குப் போக வேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கோ கோட்டக்குப்பத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அடுப்பு மூட்ட நேரம் ஏது? தூங்குகிற பிள்ளையின் தலைமாட்டில் இருபது ரூபாயை வைத்துவிட்டுப் போகிறீர்கள். அது பாசத்தில் வைக்கிற பணம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பணம் கடையில் கிரீம் பிஸ்கட்டாகவும் கலராகவும் மாறுகிறது. ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை படிக்கும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் காலை உணவு உண்டு. ஆறாவதுக்குப் போன பிறகு அது கிடையாது. இந்த நோய் தலையெடுக்கிற வயதும் ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது.

இனிச் சொல்லப்போவது என்னைப் பற்றியது. அந்தப் பையன் பிறந்தபோது எடை பார்த்தவள் நான்தான். இரண்டு கிலோ முந்நூறு. என் பதிவேட்டில் குறைந்த எடை என்று எழுதி, மாதா மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். "பிள்ளைய தேத்துங்க, பிள்ளைய தேத்துங்க" என்று அவன் அம்மாவை விரட்டினேன். எனக்கிருந்த கவலையெல்லாம் எடை ஏறாத பிள்ளையைப் பற்றியே இருந்தது. கன்னம் உப்பிய பிள்ளையைக் கண்டால் கொஞ்சிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் பத்து வயதில் தொப்பை போட்டபோது, "நல்லா புஷ்டியா ஆயிட்டான்" என்று மெச்சியவளும் நான்தான். அவன் அம்மா என் சொல்லைக் கேட்டுத்தான் வளர்த்தாள்.

இளைத்துப் பிறந்த பிள்ளைக்கு இந்த நோய் வராது என்பதும் நம் நினைப்புதான். புனேயில் டாக்டர் யாக்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து 2003இல் எழுதினார்கள். அங்கே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகள் எடையில் அவ்வளவு குறைந்தும் கொழுப்பில் அந்த அளவு குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. ஒல்லியாகத் தெரிகிற உடம்புக்குள் கொழுப்பைச் சுமந்துகொண்டே பிறக்கிறோம். மேற்கு வங்காளத்தின் வீர்பூம் மாவட்டக் கிராமங்களில் வயலில் உழைக்கிற எளிய ஜனங்களைப் பரிசோதித்து 2010இல் வந்த ஆய்வில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு ஈரல் கொழுப்பு இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பேர் பருமனே இல்லை. மரக்காணத்து உப்பளத்தில் நாளெல்லாம் வெயிலில் நிற்கிற குடும்பத்துப் பையனுக்கும், கழுத்தும் கைகாலும் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னே தள்ளியிருந்தால், இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கும் என்று கேட்பீர்கள். கொழும்புக்கு வடக்கே ராகமையில் 499 வளரிளம் பிள்ளைகளை ஸ்கேன் செய்து பார்த்ததில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் இருந்தது. நம் நாட்டில் நடந்த பல ஆய்வுகளை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஒன்றுசேர்த்து 2022இல் கணக்கிட்டபோது, குழந்தைகளில் 35 சதவீதம் வந்தது. ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் அதிகம். ஆகவே அந்த 35ஐ அப்படியே நம் தெருவுக்குப் பொருத்திவிட மாட்டேன். ராகமைக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், நாற்பது பேர் படிக்கிற வகுப்பில் மூன்று பிள்ளைகள். யார் அந்த மூன்று பேர் என்று நம்மில் யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள முதல் வழிக்குக் காசு வேண்டாம். வலைநூல் எல்லா வீட்டிலும் இருக்கும். பிள்ளையைச் சுவரோரம் நிற்கவைத்து, உச்சந்தலை முதல் குதிகால் வரை நூலைப் பிடித்து வெட்டுங்கள். அதைப் பாதியாக மடித்து, தொப்புள் உயரத்தில் இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது, இயல்பாக மூச்சை விட்டு நிற்க வேண்டும். இரண்டு முனையும் தொட்டால் நல்லது. எட்டவில்லை என்றால், கழுத்தும் கறுத்திருந்தால், வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோயும் இருந்தால், துணை சுகாதார நிலையத்தில் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவதும் சேர்ந்திருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இரண்டும் ஒரே இன்சுலின் தொல்லையிலிருந்து வரலாம். குடிப்பழக்கமில்லாதவருக்கு வரும் ஈரல் கொழுப்பை மத்திய அரசு 2021 பிப்ரவரியிலேயே சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய்த் தடுப்புத் திட்டத்தோடு சேர்த்துவிட்டது. கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? பல பிள்ளைகளுக்கு வெறும் கொழுப்போடு நிற்கும். சிலருக்கு ஈரல் வீங்கி, ஆறி, தழும்பாகும். தழும்பு மேல் தழும்பு ஏறினால் சுருங்கிப்போகும். யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று தொடக்கத்தில் சொல்ல முடியாது. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இளவயதிலேயே சர்க்கரை நோயும் வரலாம். ஆனால் தழும்பு விழுவதற்கு முன் ஈரல் மாதிரி மன்னிக்கிற உறுப்பு உடம்பில் இல்லை. 2019இல் அமெரிக்காவில் ஈரல் கொழுப்புள்ள நாற்பது பையன்களை, பதினொன்றிலிருந்து பதினாறு வயதுக்குள் உள்ளவர்களை, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எட்டு வாரம் சேர்க்கிற சர்க்கரையை ஏறக்குறைய நிறுத்தினார்கள். ஈரலில் 25 சதவீதமாக இருந்த கொழுப்பு 17க்கு இறங்கியது. வழக்கம்போல் சாப்பிட்ட பாதியில் 21லிருந்து 20தான். அந்த எட்டு வாரமும் சர்க்கரை குறைந்த சாப்பாட்டைப் பையனுக்கு மட்டும் கொடுக்கவில்லை, வீட்டில் இருந்த எல்லோருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன். தம்பி கலர் குடிக்க, அப்பா பரோட்டா பார்சல் பிரிக்க, நடுவில் இவனை மட்டும் கூழ் குடிக்கச் சொன்னால் அது அவனுக்குத் தண்டனை. கலர் பாட்டில் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். வெளியூர்க்காரர்கள் காரில் வந்து இறங்குகிற ஈ.சி.ஆர். கடைகளை மூட நம்மால் ஆகாது, நம் வீட்டு வாசலை மூடலாம். இருபது ரூபாய்க்குப் பதில் ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் மோர் விட்டுப் பிசைந்துகொண்டு, ராத்திரி மிஞ்சிய மீன் குழம்போ அவித்த முட்டையோ வைத்துக்கொண்டு அவனே சாப்பிடுவான். கருவாடும் வெங்காயமும் ஒரு நாளைக்குப் போதும், உப்பைக் கொட்டிக்கொள்ள வேண்டாம். மத்தியும் கவளையும் நம் கையில் வந்து போகிற மீன். அதை எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பில் போடுங்கள். பட்டினி மட்டும் போடாதீர்கள். வளர்கிற பிள்ளை, எடை அப்படியே நின்றாலே உயரம் ஏறும்போது உடம்பு சரியாகிவிடும்.

மருந்துக் கடையில் 'ஈரல் டானிக்' கேட்க வேண்டாம். ஈரல் கொழுப்புள்ள 173 பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினும் வைட்டமின் ஈயும் பிரித்துக் கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். எஸ்.ஜி.பி.டி.யை நிலையாக இறக்கியதில் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட இரண்டுமே மேலாக இல்லை. கீழாநெல்லியை நாம் காமாலைக்கு அரைத்துக் கொடுப்போம். இது காமாலை கிடையாது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தாமாகவே வாங்கிக் குடித்து ஈரல் கெட்டுப்போனவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். பச்சிலைதானே, என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. ஐந்திலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகள் தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறார்கள். எங்கே ஆடுவது? நான் வேலைக்கு வந்த புதிதில், வலை காயப்போட்ட இடம் போக பையன்கள் கபடி ஆட மணல் இருந்தது. தெற்கே புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980களின் கடைசியில் கல் தடுப்பு வந்தது. மணல் வரத்து நின்றது. கோட்டக்குப்பம், முதலியார்சாவடி என்று அரித்துக்கொண்டே வந்த கடல் நம் கரையையும் தின்றுவிட்டது. வீட்டைக் காக்கக் கல் கொட்டினார்கள், கல்மேல் யாரும் ஓட முடியாது. செல்போனைப் பிடுங்கி வைப்பதற்கு முன், பிள்ளைக்கு ஓட ஓரிடம் காட்ட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் நீங்கள் சேர்ந்து கேளுங்கள். பள்ளி மைதானத்தைச் சாயங்காலம் ஆறரை வரை திறந்துவைக்கச் சொல்லுங்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. துறைமுக அரிப்புக்காக மறியல் செய்தவர்கள் நாம். ஒரு கேட்டைத் திறக்கவைக்க நம்மால் முடியும்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். ஆடியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள், 61 என்பது 39க்கு வந்திருந்தது. இன்னும் இறங்க வேண்டும். மாசியில் நாலு விரல் எட்டாமல் நின்ற நூல் இப்போது ஒரு விரலில் நிற்கிறது. அவன் அப்பா கூடவே கலரை விட்டுவிட்டார். ரோட்டோரம் கேட்ட அந்தக் கேள்விக்காக மகனிடம் அவர் ஏதும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவனையும் வலை இழுக்கக் கூட்டிக்கொண்டு போகிறார். கழுத்துக் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அது கடைசியாகத்தான் போகும், மாதக்கணக்கில் ஆகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நான் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். பிள்ளையையும், வீட்டில் கிடக்கிற பழைய ரிப்போர்ட்டையும், பிள்ளை உயரத்துக்கு வெட்டிய நூலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பீர்க்கங்கூடு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நர்ஸம்மா